இருபத்திரண்டு வயது ஆசான்

1831-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள் கல்கத்தா ஹிந்து கல்லூரியின் நிர்வாகக் குழு கூடியது. ஆங்கில இலக்கியமும் வரலாறும் கற்பித்துவந்த ஹென்றி லூயி விவியன் டெரோசியோ என்பவரைப் பணியில் வைத்திருப்பதா, நீக்குவதா என்பதே அன்று பெரிதாகப் பேசப்பட்ட பொருள். அந்த ஆசிரியருக்கு 22 வயது நிறைந்து ஐந்து நாள்களே ஆகியிருந்தன.

உறுப்பினர்கள் ஒன்பது பேரிடமும் முதலில் ஒரு கேள்வி கேட்கப்பட்டது. மாணவர்களிடம் காணப்படும் விளைவுகளைக் கொண்டு பார்க்கையில், இளைஞர்களுக்குக் கல்வி புகட்டத் தகுதியற்றவர் டெரோசியோ என்று கருத நியாயமான காரணம் உண்டா? மூவர் உண்டு என்றனர். மற்ற அறுவரும் அதனை ஏற்கவில்லை. அவரைப் பற்றி வதந்தியாகக் கேள்விப்பட்டதைத் தவிர வேறொன்றும் அறியோம் என்றும், மெய்ப்பிக்கப்படாத குற்றத்துக்கு ஒருவரைப் பொறுப்பாக்க இயலாது என்றும், அவர் திறமை மிக்க ஆசிரியர் என்றும் அவர்கள் பலவாறாகக் கூறினர். ஆகவே ஆசிரியர் தகுதியற்றவர் என்ற தீர்மானம் தோற்றது.

அத்துடன் கூட்டம் முடிந்திருக்க வேண்டும். ஆனால், இரண்டாவதாக ஒரு கேள்வி எழுப்பப்பட்டது. கல்கத்தா ஹிந்து சமூகத்தில் அப்போது நிலவிய மனநிலையைக் கருத்தில் கொண்டால் அவரைப் பணியிலிருந்து விலக்குவது உசிதமா? இதற்கு அறுவர் ஆம் என்றனர். தேவையில்லை என்றவர் ஒருவர். குழுவில் இருந்த ஐரோப்பியர் இருவரும், ஹிந்துக்களின் உணர்வு குறித்துக் கருத்துக் கூறத் தாம் உரியவர்கள் அல்லர் என்று வாக்களிப்பதைத் தவிர்த்துவிட்டனர். குற்றம் இல்லை, ஆனாலும் தண்டனை உண்டு என்ற விந்தையான தீர்ப்பு அன்று எழுதப்பட்டது.

தகுதிக் கேள்வியில் வென்ற ஒருவரை உசிதக் கேள்வியில் தோற்கடித்த அந்தப் பிற்பகலைப் புரிந்துகொள்ள வேண்டுமானால், ஐந்தாண்டுக் காலம் அவருடைய வகுப்பறையில் என்ன நடந்தது என்று அறிய வேண்டும்.

டெரோசியோ 1809-ஆம் ஆண்டு ஏப்ரல் 18-ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தை பிரான்சிஸ், போர்ச்சுக்கீசிய வழி வந்த இந்தியக் குடும்பத்தவர். வணிக நிறுவனம் ஒன்றில் தலைமைக் கணக்கராகப் பணியாற்றியவர். தாய் சோஃபியா ஜான்சன். கலப்பினத்தவர் என்பதால் ஆங்கிலேயர் அந்தக் குடும்பத்தைத் தம்மவராகக் கருதவில்லை. பிறப்பாலும் சமயத்தாலும் வேறுபட்டதால் ஹிந்து சமூகமும் அதனைத் தன்னுள் சேர்த்துக்கொள்ளவில்லை. இந்த இடைநிலைதான் பிற்காலத்தில் இரு தரப்பையும் வெளியே நின்று பார்க்கும் கண்ணை அவருக்குத் தந்திருக்க வேண்டும்.

தர்மதலாவில் டேவிட் டிரம்மண்ட் என்ற ஸ்காட்லாந்துக்காரர் நடத்திய பள்ளியில் ஆறு வயதில் சேர்ந்தார். ஐரோப்பியர், கலப்பினத்தவர், இந்தியர் ஆகியோரின் பிள்ளைகள் ஒரே வகுப்பில் அமர்ந்து படித்த பள்ளி அது. டிரம்மண்ட் சுதந்திரச் சிந்தனையாளர் என்று பெயர் பெற்றவர். அவரிடமிருந்து இலக்கியச் சுவையும், எதனையும் காரணம் கேட்டு ஏற்கும் பழக்கமும் மாணவருக்கு வந்தன. டெரோசியோவின் முறையான படிப்பு 14 வயதில் முடிந்துவிட்டது. பின்னாளில் கல்லூரி மாணவர்களுக்கு மில்டனையும் ஷேக்ஸ்பியரையும் கற்பித்தவர் எந்தக் கல்லூரியிலும் படித்தவரல்லர்.

சில காலம் தந்தையின் அலுவலகத்தில் எழுத்தராக இருந்தார். அந்த வேலை பிடிக்காமல் பாகல்பூரில் தாய்வழி உறவினரின் அவுரித் தோட்டத்துக்குச் சென்றார். அங்குதான் கங்கையைக் கண்டார். ஆற்றின் நடுவே எழுந்து நிற்கும் ஜஹாங்கீரா பாறையும், அதில் வாழ்ந்த பக்கீர்களைப் பற்றிய கதைகளும் அவர் மனத்தில் தங்கின. அங்கிருந்து எழுதி அனுப்பிய கவிதைகளை 'இந்தியா கெஜட்' இதழின் ஆசிரியர் ஜான் கிராண்ட் விரும்பி வெளியிட்டார். 1827-இல் முதல் கவிதைத் தொகுப்பு வந்தபோது கவிஞருக்கு வயது 18. மறு ஆண்டு ஜஹாங்கீராவின் பக்கீரைப் பற்றிய நெடுங்கவிதை வெளிவந்தது.

அந்தக் கவிதையின் கதை கவனிக்கத்தக்கது. கணவனை இழந்த நளினி என்ற பெண் உடன்கட்டை ஏற அழைத்துவரப்படுகிறாள். சிதையருகே அவளைக் கொள்ளைக் கூட்டத் தலைவனான பக்கீர் மீட்டுத் தன் பாறைக்குக் கொண்டுசெல்கிறான். இருவரும் முன்பே காதலர்கள். பெண்ணின் தந்தை படையுடன் வருகிறார். போரில் பக்கீர் மடிகிறான். அவன் உடல்மீதே அவளும் உயிர் விடுகிறாள். உடன்கட்டை ஏறுதலை பெண்டிங்க் பிரபுவின் அரசு 1829 டிசம்பரில்தான் தடை செய்தது. அதற்கு ஓராண்டுக்கு முன்பே, 19 வயது இளைஞர் ஒருவர் ஆங்கிலக் கவிதையின் நடுவே ஒரு சிதையை அடுக்கிவைத்து, அதிலிருந்து ஒரு பெண்ணை இறக்கிவிட்டிருந்தார். இலக்கியத்தையும் சமூகத்தின் நடப்பையும் தனித்தனி அறைகளில் வைப்பது அவருடைய இயல்பிலேயே இல்லை.

1826-இல் அவர் ஹிந்து கல்லூரியில் ஆசிரியரானார். அப்போது வயது 17. மாணவர்களில் சிலர் அவரைவிட ஓரிரு வயதே இளையவர்கள். சம்பளம் மாதம் 150 ரூபாய்.

ஹிந்து கல்லூரியை அரசு தோற்றுவிக்கவில்லை. கல்கத்தாவின் செல்வந்தர்கள் தம் பிள்ளைகள் ஆங்கிலமும் மேலைநாட்டு அறிவியலும் கற்கவேண்டும் என்று தாமே நிதி திரட்டி, 1817 ஜனவரி 20-ஆம் நாள் தொடங்கிய நிறுவனம் அது. ஆங்கிலக் கல்வி குறித்த மெக்காலேயின் குறிப்பு 1835-இல் வந்தது என்பதை நினைவில் கொண்டால், வங்காளத்தார் அதற்கு 18 ஆண்டுகள் முன்பே ஆங்கிலத்தை நாடியிருந்தது விளங்கும். கம்பெனி அலுவலகங்களில் வேலை, வணிக நிறுவனங்களில் தொடர்பு, ஊரில் மதிப்பு எனப் பெற்றோரின் எதிர்பார்ப்பு தெளிவானது. மொழி வேண்டும்; அந்த மொழி வழியே வரும் கேள்விகள் வேண்டாம். இப்படி ஒரு பிரிவினை சாத்தியம் என்று அவர்கள் உண்மையிலேயே நம்பினர்.

பாடத்திட்டத்தில் புரட்சிகரமானது எதுவும் இல்லை. கோல்ட்ஸ்மித் எழுதிய கிரேக்க, ரோமானிய, இங்கிலாந்து வரலாறுகள். ராபர்ட்சனின் ஐந்தாம் சார்லஸ் வரலாறு. போப் ஆங்கிலத்தில் தந்த ஹோமர், டிரைடன் தந்த வெர்ஜில். மில்டனின் 'இழந்த சொர்க்கம்'. ஷேக்ஸ்பியரின் துன்பியல் நாடகம் ஒன்று. இவற்றை அருஞ்சொற்பொருள் எழுதவைத்து, மனனம் செய்யவைத்து, தேர்வில் ஒப்பிக்கவைத்து ஒருவர் முப்பது ஆண்டுகள் நிம்மதியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றிருக்கலாம். கல்லூரி ஆங்கிலத் தாளுக்குக் கடைசி வாரத்தில் குறிப்பேடு வாங்கிப் படித்துத் தேறிய நம்மில் பலருக்கு அந்த முறை நன்கு அறிமுகமானதே.

டெரோசியோ வேறு வழியில் சென்றார். அவர் வகுப்பில் ஒரு பாடல் அல்லது ஒரு வரலாற்று நிகழ்ச்சி, பொருள் கூறி முடிக்கப்படுவதற்கு மாறாக, வாதத்தின் தொடக்கமாக அமைந்தது. ஏதென்ஸ் நகரத்தார் சட்டம் செய்தது எப்படி, ரோமானியர் வீழ்ந்தது ஏன் என்ற கேள்விகள் விரைவிலேயே நம் ஊரில் சட்டம் யார் செய்கிறார்கள், நம் வீடுகளில் பெண்களுக்கு ஏன் எழுத்தறிவு இல்லை என்ற கேள்விகளாக மாறின. ஒரு பக்கம் பேசிய மாணவரை மறுபக்கமும் பேசச் செய்வது அவருடைய வழக்கம். மொழிப் பயிற்சி என்ற நோக்கில் மட்டும் பார்த்தாலும் இது கூர்மையான முறை. தனக்கு நெஞ்சில் தைக்கும் ஒன்றைப் பிறர் ஒப்புமாறு சொல்லியாக வேண்டும் என்ற கட்டாயம் ஏற்படும்போதுதான், கற்ற மொழி ஒருவருக்குச் சொந்தமாகிறது. அந்த வகுப்பிலிருந்து வெளிவந்தவர்களின் ஆங்கிலம் ஒரு தலைமுறைக்குக் கல்கத்தா மேடைகளை ஆண்டதற்குக் காரணம் இலக்கணப் புத்தகம் மட்டும் அன்று.

வகுப்பு முடிந்த பின்னும் மாணவர்கள் கலையவில்லை. அவர் வீட்டுக்கு வந்தனர். அங்கே படிப்பு, விவாதம், தேநீர் எல்லாம் உண்டு. உயர்சாதி மாணவர்கள் கலப்பினக் கிறித்தவர் வீட்டில் உண்பதும் பருகுவதும் அந்நாளில் சிறு செய்தியன்று. ஊர் அதைக் கவனித்தது.

1828-இல் இந்தக் கூடுகை கல்விக் கழகம் என்ற பெயரில் முறையான விவாத மன்றமாக உருப்பெற்றது. மாணிக்தலாவில் ஸ்ரீகிருஷ்ண சின்ஹாவின் தோட்ட வீட்டில் அதன் கூட்டங்கள் நடந்தன. தலைவர் டெரோசியோ. மனிதனுக்குத் தன்விருப்பம் உண்டா, எல்லாம் விதியா, அறம் என்பது என்ன, நாட்டுப்பற்று எது, கடவுள் உண்டு என்பதற்கும் இல்லை என்பதற்கும் உள்ள வாதங்கள் யாவை, உருவ வழிபாடும் புரோகிதமும் ஏற்கத்தக்கவையா என்பன போன்ற பொருள்களில் இளைஞர்கள் ஆங்கிலத்தில் மோதிக்கொண்டனர். கடிகாரத் தொழிலை விட்டுக் கல்விப் பணிக்கு வந்த டேவிட் ஹேர் அங்கே வந்து அமர்வார். உச்ச நீதிமன்ற நீதிபதி எட்வர்ட் ரயன் போன்றோரும் கேட்க வந்ததுண்டு. பதினாறு, பதினேழு வயதுப் பையன்கள் பேசுவதைக் கேட்க நீதிபதி ஒருவர் வந்தார் என்பது அந்த வகுப்பறையின் தரத்துக்குப் போதிய சான்று.

இந்த இளைஞர்களுக்குப் புத்தகப் பசி அதிகம். தாமஸ் பெயின் எழுதிய 'பகுத்தறிவின் காலம்' கப்பலில் வந்து இறங்கியபோது ஒரு ரூபாய்க்கு விற்ற பிரதி, விரைவில் ஐந்து ரூபாய்வரை ஏறிவிட்டது என்று அப்போது கல்கத்தா வந்திருந்த பாதிரியார் அலெக்சாண்டர் டஃப் பதிவு செய்திருக்கிறார். 1830-இல் மாணவர்கள் 'பார்த்தினன்' என்ற பெயரில் ஆங்கில இதழ் ஒன்றைத் தொடங்கினர். பெண் கல்வி வேண்டும், ஏழைக்கு எட்டும் செலவில் நீதி கிடைக்க வேண்டும் என்று முதல் இதழே எழுதியது. இரண்டாம் இதழ் அச்சாகியும் வெளிவரவில்லை. கல்லூரி நிர்வாகம் நிறுத்திவிட்டது. ஹிந்து சமயம் குறித்து மாணவர்களிடம் பேசக்கூடாது, வகுப்பறையில் உண்பதையும் பருகுவதையும் அனுமதிக்கக்கூடாது என்று ஆசிரியர்களுக்கு ஆணையும் பிறந்தது.

அதற்குள் வீடுகளில் பூசல் மூண்டிருந்தது. பூசையறையில் மந்திரம் சொல்லச் சொன்னால், பிள்ளைகள் போப்பின் 'இலியத்' வரிகளை ஓதினார்கள். தாய் தந்தையருக்கு அதன் பொருள் தெரியாது. ஓசையைக் கேட்டுத் திருப்தியடைந்தார்களோ என்னவோ. ரசிக் கிருஷ்ண மல்லிக் நீதிமன்றத்தில் சாட்சியாக நின்றபோது, கங்கை நீரின் புனிதத்தில் தனக்கு நம்பிக்கை இல்லை என்று கூறி அதன்மீது ஆணையிட மறுத்தார். நகரமே அதிர்ந்தது. பையன்களில் சிலர் மது அருந்துவதையும் விலக்கப்பட்ட உணவை உண்பதையும் விடுதலையின் அடையாளமாக எண்ணினர். இவ்விடத்தில் டெரோசியோவின் அன்பர்கள் எழுதிய வரலாறுகள் சற்று வேகமாக நகர்ந்துவிடுகின்றன. கேள்வி கேட்கக் கற்பித்த ஆசிரியர், கேள்விக்கும் வீம்புக்கும் இடையிலான கோட்டை எவ்வளவு அழுத்தமாகக் காட்டினார் என்று நாம் கேட்கத்தான் வேண்டும். அவருக்கே அப்போது இருபதைச் சுற்றிய வயது என்பதும் அந்த விடையின் ஒரு பகுதி.

எதிர்த்தரப்பையும் கொடுமைக்காரர் கூட்டமாகக் காட்டிவிட முடியாது. நிர்வாகக் குழுவில் அவரை முதலில் எதிர்த்த ராதாகாந்த தேவ், பெரும் சமஸ்கிருத அகராதியான 'சப்தகல்பத்ருமம்' தொகுத்த அறிஞர். பெண் கல்விக்கு ஆதரவு தந்தவர். அதே மனிதர்தான் உடன்கட்டைத் தடையை எதிர்த்த தர்ம சபையின் தலைமையிலும் இருந்தார். மற்றொருவரான ராம் கமல் சென் ஆங்கில-வங்காள அகராதி செய்தவர். தாங்கள் பொருள் கொடுத்து எழுப்பிய கல்லூரி, தங்கள் வீட்டை உடைக்கிறது என்று அவர்கள் அஞ்சினர். பெற்றோர் பலர் பிள்ளைகளைக் கல்லூரியிலிருந்து நிறுத்திக்கொண்டனர். அதனால் கல்லூரியே மூடப்படும் என்ற கவலை கற்பனையானதன்று.

ஆனால், அந்தக் கவலையைத் தீர்க்க அவர்கள் தேர்ந்த வழி நேர்மையானதாக இல்லை. டெரோசியோவைக் கூட்டத்துக்கு அழைக்கவில்லை. குற்றச்சாட்டு இன்னதென்று எழுத்தில் தரவில்லை. விளக்கம் கேட்கவில்லை. அவர் திறமையானவர் என்று சொன்ன வாய்களில் சில, அடுத்த கேள்வியில் அவர் போகட்டும் என்றன. வாக்களிக்காமல் விலகிய ஐரோப்பியர்களில் ஒருவர் அவருடைய நண்பர் ஹேர். மற்றவர் காளிதாசரின் 'மேகதூத'த்தை ஆங்கிலத்தில் தந்த ஹொரேஸ் ஹேமன் வில்சன். இருவருமே முதல் கேள்வியில் அவருக்காகப் பேசியவர்கள். துணிந்து எதிர்வாக்களித்த ஒரே ஒருவர், மாணிக்தலா தோட்ட வீட்டின் உரிமையாளர் ஸ்ரீகிருஷ்ண சின்ஹா. அந்த இளைஞர்களின் விவாதம் நடந்த இடத்தைத் தந்தவர் அவர்.

நீக்கப்படும் முன் தாமே விலகுமாறு வில்சன் தனிப்பட்ட முறையில் அறிவுறுத்தினார். ஏப்ரல் 25-ஆம் நாள் டெரோசியோ விலகல் கடிதம் தந்தார். விசாரணையின்றி, தம் தரப்பைக் கேட்காமல் தீர்ப்பளிக்கப்பட்டதை அதில் பதிவு செய்தார். ஊரில் பரவியிருந்த மூன்று புகார்களைக் குறித்து வில்சன் கேட்டிருந்தார்: கடவுளை மறுக்கிறாரா, பெற்றோரை மதிக்க வேண்டியதில்லை என்று கற்பிக்கிறாரா, உடன்பிறந்தோர் மணந்துகொள்வது தவறில்லை என்றாரா? மறுநாள் எழுதிய நீண்ட பதில் மடல், ஆசிரியர் ஒருவர் தம் பணியைப் பற்றி இந்நாட்டில் எழுதிய ஆவணங்களில் தலையாயது என்பது என் கருத்து.

கடவுள் இல்லை என்று எவரிடமும் தாம் கூறியதில்லை என்று அதில் விளக்கினார். ஆனால், அப்பொருள் குறித்து அறிஞர்கள் எழுப்பிய ஐயங்களை மாணவர்களுக்குச் சொன்னதை அவர் மறைக்கவில்லை. டேவிட் ஹ்யூமின் உரையாடல் நூலை அறிமுகப்படுத்தியதும் தாமே; அதற்கு ரீடும் டியூகால்டு ஸ்டூவர்ட்டும் அளித்த மறுப்புகளை அவர்கள் கையில் கொடுத்ததும் தாமே. ஒரு பக்கத்தை மட்டும் காட்டிப் பிடிவாதக்காரர்களை உருவாக்குவதற்குத் தமக்கு உரிமை இல்லை என்று கருதினார். மாணவர்கள் சிலர் நாத்திகரானதற்குத் தாம் பொறுப்பு என்றால், ஆத்திகராகவே நிலைத்த மற்றவர்களுக்கான புகழையும் தமக்கே தர வேண்டும் என்று அவர் காட்டிய தருக்கத்துக்கு இன்றுவரை எவரும் விடை சொன்னதில்லை.

பெற்றோர் விஷயத்தில் அவர் சொன்னது கொள்கை விளக்கமன்று, நடந்த நிகழ்ச்சி. தட்சிணாரஞ்சன் முகர்ஜி என்ற மாணவர், தந்தையின் நடத்தை பொறுக்க முடியாததாகிவிட்டது, வீட்டைவிட்டு வெளியேறப் போகிறேன் என்று அவரிடம் வந்தார். அவர் கூறியது உண்மை என்று தெரிந்தும், பொறுத்துக்கொள் என்றே டெரோசியோ அறிவுரை கூறினார். சில வாரங்களில் அந்த இளைஞர் வெளியேறி, டெரோசியோ வீட்டின் அருகிலேயே வாடகைக்கு வீடு பிடித்தார். எல்லாம் முடிந்த பிறகே ஆசிரியருக்குச் சொன்னார். ஏன் முன்பே கேட்கவில்லை என்றதற்கு, கேட்டிருந்தால் தடுத்திருப்பீர்கள் என்பதே காரணம் என்றார். தந்தையிடம் முரட்டுத்தனமாக நடந்த மற்றொரு மாணவரைக் கண்டித்ததையும் எழுதினார். மூன்றாவது புகாரை அருவருப்புடன் மறுத்தார். வீடு வீடாகச் சென்று கதை பரப்புவதையே வேலையாகக் கொண்ட ஒருவரிடமிருந்து அது கிளம்பியது என்பது பின்னர் தெரியவந்தது.

கடிதத்தால் பயன் விளையவில்லை. கல்லூரி ஆவணத்தில் விலகல் ஏற்கப்பட்டது என்ற அளவில் அந்த அத்தியாயம் முடிந்தது.

டெரோசியோ சோர்ந்துவிடவில்லை. ஜூன் மாதமே 'ஈஸ்ட் இந்தியன்' என்ற நாளிதழைத் தொடங்கினார். கலப்பின மக்களின் உரிமைக்காக ஜான் ரிக்கெட்ஸ் 1830-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்கு மனு கொண்டுசென்றிருந்த காலம் அது. தம் சமூகத்தின் குரலாக இதழை நடத்திய அவர், அச்சமூகம் தன் எதிர்காலத்தை ஆங்கிலேயரோடு பிணைக்காமல் இந்நாட்டு மக்களோடு சேர்த்துக் காண வேண்டும் என்று வாதிட்டார். இந்தியாவைத் தாய்நாடு என்று விளித்து ஆங்கிலத்தில் கவிதை எழுதிய முதன்மையானவர்களுள் ஒருவர் அவர் என்பதை இதனோடு இணைத்துப் பார்க்கலாம்.

அந்த ஆண்டு ஆகஸ்ட் 23-ஆம் நாள் கிருஷ்ண மோகன் பானர்ஜியின் வீட்டில் நண்பர்கள் கூடி மாட்டிறைச்சி உண்டு, எலும்புகளை அண்டை வீட்டுப் பிராமணரின் முற்றத்தில் எறிந்தனர். கிருஷ்ண மோகன் அப்போது வீட்டில் இல்லை. ஆயினும் தண்டனை அவருக்குத்தான். குடும்பத்தார் அவரை வெளியேற்றினர். எறிந்தவர்களின் செயலில் சீர்திருத்தம் ஏதும் இல்லை. அது அப்பட்டமான அவமதிப்பு. டெரோசியோவைக் குற்றம் சாட்டியவர்களுக்கு அது எத்தனை வசதியாக அமைந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால், கிருஷ்ண மோகன் அந்த அலைச்சலின் நடுவே செய்தது வேறு. ஹிந்து சமூகத்தின் போலித்தனங்களைக் காட்டும் ஆங்கில நாடகம் ஒன்றை அந்த ஆண்டே எழுதி வெளியிட்டார். இந்தியர் ஒருவர் ஆங்கிலத்தில் எழுதிய முதல் நாடகம் என்று அது கருதப்படுகிறது. மறு ஆண்டு கிறித்தவரான அவர், பின்னர் பாதிரியாராகவும் பன்மொழி அறிஞராகவும் விளங்கினார்.

டிசம்பர் நடுவில் டெரோசியோ, தாம் சிறுவனாகப் படித்த தர்மதலா பள்ளியின் தேர்வைப் பார்வையிடச் சென்றார். ஹிந்து, கிறித்தவச் சிறுவர்கள் வேற்றுமையின்றி ஒரே வரிசையில் நின்று போட்டியிட்டதைப் பாராட்டித் தம் இதழில் எழுதினார். அவர் எழுதிய கடைசிக் கட்டுரைகளுள் அது ஒன்று. உடனே காலரா தாக்கியது. ஆறு நாள் போராட்டத்தில் பழைய மாணவர்கள் படுக்கையருகே முறை வைத்துப் பணிவிடை செய்தனர். டிசம்பர் 26-ஆம் நாள் உயிர் பிரிந்தது. பார்க் தெரு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். 23-ஆவது பிறந்த நாளைக் காண இன்னும் நான்கு மாதங்கள் இருந்தன.

ஊர் இளம் வங்காளத்தார் என்று அழைத்த அவருடைய மாணவர்கள் அப்போது இருபது வயதை ஒட்டியவர்கள். இந்த வெறுமை தங்களுக்கு வந்திருக்க வேண்டாத வயது. அவர்கள் கலைந்து காணாமற்போவார்கள் என்று எதிர்பார்த்தவர்கள் ஏமாந்தனர். ராம்கோபால் கோஷ் வணிகத்தில் பெரும்பொருள் ஈட்டி, கல்கத்தாவின் சிறந்த மேடைப் பேச்சாளராகத் திகழ்ந்தார். வீட்டைவிட்டு வெளியேறிய தட்சிணாரஞ்சன், 1849-இல் பெத்யூன் பெண்கள் பள்ளி தொடங்கியபோது அதற்கு நிலம் கொடுத்தார். ராம்தனு லாஹிரி ஆயுள் முழுவதும் ஆசிரியராகவே இருந்தார். 1851-இல் தம் பூணூலைக் களைந்து, அதற்காகச் சமூக விலக்கையும் ஏற்றார்.

ராதாநாத் சிக்தார் கணிதத்தில் வல்லவர். சென்னை பரங்கிமலையில் 1802-இல் அடிக்கோடு அளந்து தொடங்கிய பெரும் நில அளவைப் பணி வடக்கே சென்றபோது, அதில் கணக்கிடுவோராகச் சேர்ந்து தலைமைக் கணிப்பாளரானார். பின்னர் எவரெஸ்ட் எனப் பெயரிடப்பட்ட பதினைந்தாம் எண் சிகரமே உலகில் உயரமானது என்பதை 1852-இல் கணக்கிட்டுக் கண்டவர் அவர். டேராடூனில் 1843-இல் நடந்தது அதைவிடக் குறைவாகவே பேசப்படுகிறது. அளவைத் துறைத் தொழிலாளரை மாவட்ட நீதிபதி தம் மூட்டை சுமக்கக் கட்டாயப்படுத்தினார். சிக்தார் மூட்டைகளைத் தடுத்து நிறுத்தினார். வழக்கு நடந்து 200 ரூபாய் தண்டம் கட்டினார். வெள்ளைக்கார அதிகாரியிடம் கூலித் தொழிலாளிக்காக வாதாடும் துணிவு எங்கிருந்து வந்தது என்று தேடினால், மாணிக்தலா தோட்ட வீட்டுக்குப் போய்ச் சேரலாம்.

இந்த இளைஞர்கள்மீது வைக்கப்பட்ட குற்றச்சாட்டுகளில் ஒன்று மட்டும் நியாயமானது. அவர்கள் ஆங்கிலத்தில் சிந்தித்து ஆங்கிலத்தில் எழுதினர். அந்த மொழி அறியாத வங்காளத்து உழவரிடமும், அவர்கள் யாருக்காகப் பேசினார்களோ அந்தப் பெண்களிடமும் அது சென்று சேரவே இல்லை. டெரோசியோவுக்கும் அந்தக் குறை தெரிந்ததாகத் தோன்றவில்லை. தெரிந்து திருத்திக்கொள்ள அவருக்கு ஆயுளும் இல்லை. மாணவர்களுக்கு அது புரிய இருபது ஆண்டுகளாயின. 1854-இல் சிக்தாரும் உடன் பயின்ற பியாரி சந்த் மித்ராவும் சேர்ந்து 'மாசிக் பத்ரிகா' என்ற மாத இதழைத் தொடங்கினர். பண்டித நடையை அறவே ஒதுக்கி, வீட்டில் பேசும் எளிய வங்காளத்தில், பெண்கள் படித்துப் புரிந்துகொள்ள வேண்டும் என்றே அது வந்தது. அதில்தான் மித்ராவின் கதை தொடராக வெளியாகி, 1858-இல் 'ஆலாலேர் கரேர் துலால்' என்ற நூலாகியது. வங்காளத்தின் முதல் நாவல் என்று பலராலும் கூறப்படும் அந்தக் கதையின் பொருள், செல்வந்தர் வீட்டுச் செல்லப் பிள்ளை ஒருவன் சரியான கல்வியின்றிக் கெட்டுப்போவது.